மதுரை வெயிலில் ஃபாக்ஸ்குளோவ்: ஒரு வீட்டுத் தோட்டத்தின் இரண்டு பருவங்கள்

பின்னணி

மதுரையில் திருப்பரங்குன்றம் செல்லும் சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில், மாடி வைத்த பழைய வீடு ஒன்றில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வீட்டில் ஐந்து பேர்: பள்ளி ஆசிரியையான 42 வயதுப் பெண்மணி, அவருடைய கணவர், இரண்டு பிள்ளைகள், கணவரின் தந்தை. பெரியவருக்கு வயது 76. இதயத் துடிப்பு சீரற்றுப் போனதற்காக அவர் டிஜாக்சின் மாத்திரையும், கால் வீக்கத்துக்காக நீர் பிரியும் மாத்திரை ஒன்றும் சாப்பிட்டு வந்தார். பூச்செடி வளர்ப்பைப் பற்றிய ஆய்வில் இந்த விவரம் எதற்கு என்று தோன்றலாம்; பாதி வழியில் செடியும் மாத்திரையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதால்தான் இதை எழுதவே நேர்ந்தது.

நான் பக்கத்துத் தெருவில் இருப்பவன். தோட்டக்கலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அம்மையார் கேட்கும்போது போய்ப் பார்த்துச் சொன்னதுதான் என் பங்கு. நடந்த தவறுகளில் இரண்டு என்னுடையவை என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மே மாத விடுமுறையில் கொடைக்கானல் சென்றிருந்தபோது, தங்கிய விடுதியின் சரிவான தோட்டத்தில் ஆளுயரத்துக்கு நின்ற பூங்கதிர்களை அவர் பார்த்திருக்கிறார். ஒரே தண்டில் ஒரு பக்கமாகத் தொங்கும் இளஞ்சிவப்பு மணிகள், அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக விரிந்துகொண்டிருந்தன. ஒரு மணிக்குள் விரலை விட்டுப் பார்த்தால் முதல் கணு வரை உள்ளே போனதாம். அதுதான் ஃபாக்ஸ்குளோவ். அந்தச் செடிக்கு டிஜிட்டாலிஸ் என்ற தாவரவியல் பெயர் விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே வந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டார். ஊர் திரும்பிய மறுவாரமே இணையத்தில் விதை வாங்கிவிட்டார்.

முதல் பருவம்: விதைத்ததும் இழந்ததும்

ஜூன் மாதம் மொட்டை மாடியில் இரண்டு குழித்தட்டுகளில் முதல் விதைப்பு நடந்தது. கத்தரி, தக்காளிக்குச் செய்வது போல விதையைப் போட்டு, அரை விரற்கடை அளவுக்கு மண் தூவி மூடி, போர்த் தண்ணீரைப் பூவாளியால் ஊற்றினார். நான்கு வாரம் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையில் கோளாறு என்று அவர் எண்ணினார். உண்மையில் ஃபாக்ஸ்குளோவ் விதை கசகசாவை விடவும் பொடியானது. முளைப்பதற்கு அதற்கு வெளிச்சம் வேண்டும், எனவே மண்ணின் மேல் தூவி லேசாக அழுத்திவிடுவதோடு சரி, மூடக்கூடாது. முளைப்பதற்கு ஏற்ற வெப்பம் 20 டிகிரிக்கு முன்பின்னாக இருக்க வேண்டும். ஜூன் மாதத்து மதுரை மாடியில் நள்ளிரவில்கூட அந்த அளவுக்குத் தணிவதில்லை.

நவம்பரில் அவர் மறுபடி விதைத்தார். இம்முறை சலித்த தென்னை நார்க்கழிவின் மேல் விதையைத் தூவி, கண்ணாடி மூடிய பழைய மீன் தொட்டிக்குள் தட்டை வைத்து, மழைநீர்த் தொட்டியிலிருந்து எடுத்த நீரைத் தெளிப்பானால் தெளித்தார். பதினாறாம் நாள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. அவற்றில் பெரும்பகுதி நாற்றழுகலில் போனது. அடைத்த தொட்டிக்குள் காற்றோட்டம் இல்லாததே காரணம். மிஞ்சிய பதினோரு நாற்றுகள் பிப்ரவரிக்குள் தரையோடு படிந்த, உள்ளங்கை அகல இலைக்கொத்துகளாக விரிந்தன. இலை சாம்பல் பூத்த பச்சை நிறம். மேலே சுருக்கம், அடியில் பஞ்சு போன்ற மெல்லிய ரோமம். பார்க்க வருபவர்களெல்லாம் புகையிலைக் கன்றா என்று கேட்டார்கள்.

மார்ச் போனது, ஏப்ரல் போனது, பூத்தண்டு எழவில்லை. அம்மையார் உரத்தைக் கூட்டினார், நிழல்வலையை மாற்றினார், தொட்டிகளைக் கிழக்கிலிருந்து வடக்குக்கு நகர்த்தினார். மே மாதம் அக்னி நட்சத்திரம் தொடங்கிய பத்து நாளில் ஒன்பது செடிகள் அடுத்தடுத்துச் சாய்ந்தன. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். இலைக்கொத்தின் கழுத்து பழுப்பேறிக் கூழாகியிருந்தது. வேரின் மேல்தோல் விரலோடு உருவிக்கொண்டு வந்தது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மழைநீர் தீர்ந்துபோய் மார்ச் முதல் போர்த் தண்ணீரையே ஊற்றி வந்ததாகச் சொன்னார். ஃபாக்ஸ்குளோவ் சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. எங்கள் பகுதிக் கடின நீர் அதற்கு ஒத்துவராது.

ஆனால் செடி பூக்காமல் போனதற்கு நீரோ உரமோ காரணமல்ல. விதைப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன்: ஈராண்டு வகை. இந்த வகை முதல் ஆண்டில் இலையை மட்டும் விரித்து, ஒரு குளிர்காலத்தைக் கடந்து, அடுத்த ஆண்டில்தான் தண்டு எழுப்பிப் பூக்கும். அந்தக் குளிர் பெயருக்கு இருந்தால் போதாது. 10 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் நீடிக்க வேண்டும். மதுரையில் மார்கழிப் பனிக்குக் காதைத் துணியால் கட்டிக்கொண்டு நடக்கிறோமே தவிர, அப்போதும் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். அந்தச் செடியைப் பொறுத்தவரை குளிர்காலம் வரவேயில்லை. வராத ஒன்றுக்காகக் காத்திருந்து வெயிலில் செத்தது.

இரண்டாம் பருவத்துக்கான முடிவுகள்

விதையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஆகாதா என்பது அம்மையாரின் முதல் கேள்வி. குளிரை உணர வேண்டியது போதிய இலை விட்ட செடியே. உலர்ந்த விதையை வைத்துப் பயனில்லை. தொட்டியையே உள்ளே வைக்கலாம் என்றால், இரண்டு மாதம் தயிருக்கும் மாவுக்கும் இடம் இராது என்று கணவர் மறுத்துவிட்டார். நியாயமான மறுப்புதான்.

இரண்டாவது வழி, குளிர் தேவைப்படாமல் முதல் ஆண்டிலேயே பூக்கும் வகையைத் தேடுவது. ஃபாக்ஸி என்ற பழைய தேர்வு வகையும், கேமலாட், டால்மேஷன் போன்ற கலப்பின வகைகளும் அப்படிப்பட்டவை. விதைத்ததிலிருந்து ஏறத்தாழ ஐந்து மாதத்தில் பூக்கும், உயரம் குறைவு. இதை ஏற்றுக்கொண்டோம். பிறகு நாள்கணக்கைப் பின்னோக்கிப் போட்டோம். மதுரையில் பூக்கதிர் வாடாமல் நிற்கக்கூடிய காலம் ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முடிய. அதற்கு ஆகஸ்ட் பிற்பகுதியில் விதைத்தாக வேண்டும். ஆகஸ்டிலோ இங்கே முளைக்காது. முளைத்தாலும் அக்டோபர், நவம்பர் மாதத்து வடகிழக்குப் பருவமழையில் நாற்று அழுகும். ஆகவே, நாற்றுப் பருவத்தை மலையிலும் பூக்கும் பருவத்தைச் சமவெளியிலும் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. கொடைக்கானலில் அம்மையாரின் சித்தி மகன் குடியிருந்ததால் இது சாத்தியமாயிற்று. அப்படி ஒரு சொந்தம் இல்லாதவர்களுக்கு இந்த வழி திறக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 20 வாக்கில் அங்கே விதைக்கப்பட்ட நாற்றுகளில் பதினெட்டு, நவம்பர் இறுதியில் சிறு பாலித்தீன் பைகளோடு அட்டைப் பெட்டிகளில் பேருந்தேறி வந்தன. வத்தலக்குண்டில் வண்டி நின்ற அரைமணி நேரத்திலேயே இலைகள் துவண்டுவிட்டதாகக் கொண்டுவந்தவர் சொன்னார். வீட்டின் வடக்குத் தாழ்வாரத்தில் எட்டு நாள் வைத்து, காலையும் மாலையும் நீர் தெளித்துப் பழக்கிய பிறகு நட்டோம்.

நடும்போது என் முதல் தவறு நிகழ்ந்தது. பன்னிரண்டைப் பன்னிரண்டு அங்குல மண்தொட்டிகளிலும், ஆறைச் சுற்றுச்சுவர் ஓரத் தரையிலும் நடச் சொன்னேன். தரையில் வேர் ஆழமாக ஓடினால் வெப்பத்தைத் தாங்கும் என்பது என் எண்ணம். பருவமழை முடிந்துவிட்டதாக நான் போட்ட கணக்கு பொய்த்தது. டிசம்பர் முதல் வாரத்தில் நான்கு நாள் விட்டுவிட்டு மழை பெய்தது. சுவரோரக் களிமண்ணில் நீர் தேங்கி, ஆறில் நான்கு செடிகள் கழுத்தழுகிப் போயின. செம்மண், ஆற்று மணல், நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து, தாழ்வாரக் கூரையின் கீழ் வைத்த தொட்டிகளில் ஒன்று மட்டுமே போனது. கழுத்தை மண்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி அம்மையார் நட்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். அது அவராகவே செய்த திருத்தம்.

ஜனவரி: ஒரு டம்ளர் வெந்நீர்

பொங்கலுக்கு முந்திய வாரம் செடிகளைப் பார்க்கப் போயிருந்தேன். இலைக்கொத்துகள் தட்டகலத்துக்குச் செழித்திருந்தன. தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம், பேச்சோடு பேச்சாக, "ஐயா, நீங்க சாப்பிடுற இதய மாத்திரை இந்தச் செடியிலருந்து வந்ததுதான்" என்று சொல்லிவைத்தேன். சுவையான செய்தி என்று நினைத்துச் சொன்னது. இது என் இரண்டாவது தவறு. முதலாவதை விடப் பெரியது.

மூன்றாம் நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மையார் சமையலறை மேடையில் ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தார். மேலே தட்டு மூடியிருந்தது. திறந்தால் வெந்நீரில் மூன்று இலைகள் சுருண்டு கிடந்தன. நீர் வெளிறிய பச்சையாக மாறத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு சிட்டிகை பனங்கற்கண்டும் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. "மாமா, இத யாரு பறிச்சா?" என்று கேட்டிருக்கிறார். "நான்தாம்மா. மாத்திரையே இதுலதான பண்றாங்களாம். பச்சையா எடுத்தா இன்னும் நல்லதுதானே?" என்று பெரியவர் அமைதியாகப் பதில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மாத்திரையை அவர் ஏற்கெனவே விழுங்கியிருந்தார். டம்ளரை வாயில் வைக்கவில்லை.

அந்தப் பெரியவரை அறியாமை என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சளி பிடித்தால் கற்பூரவல்லி, இருமினால் தூதுவளை, காய்ச்சலுக்கு நிலவேம்பு என்று இலையும் மருந்தும் ஒன்றாகவே வாழும் வீடு அது. இந்தத் தொட்டிகளும் கற்பூரவல்லிக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தன. அவர் செய்தது அவர் வாழ்நாளெல்லாம் செய்து வந்ததுதான். செடி மட்டுமே மாறியிருந்தது.

அம்மையார் டம்ளரைக் கொட்டிக் கழுவிவிட்டு, பெரியவரின் இதய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பதை இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகு, மருத்துவர் சொன்னவற்றை அவர் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். மாத்திரையில் 0.25 மில்லிகிராம் மருந்துதான் உள்ளது. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இலையில் எவ்வளவு இருக்கும் என்று யாரும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. செடிக்குச் செடி, மாதத்துக்கு மாதம் மாறும். வேக வைத்தாலும் உலர்த்தினாலும் நஞ்சு போகாது. நீர் பிரியும் மாத்திரை உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பதால், பெரியவரைப் போன்றவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். குமட்டல், வாந்தி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிதல், நாடி மெதுவாதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

நான் சொன்ன செய்தியும் முழுமையானதல்ல. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், நாட்டு வைத்தியம் செய்த ஒரு மூதாட்டியின் கைமருந்தில் இருந்த பல மூலிகைகளில் உடலில் நீர் கோத்து வீங்கும் நோயைத் தீர்த்தது இந்தச் செடியே என்று கண்டு, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நோயாளிகளிடம் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுத்து, 1785-இல் அதை நூலாக வெளியிட்டார். அந்தப் பத்தாண்டு உழைப்பில் பெரும்பகுதி, எவ்வளவு கொடுக்கக் கூடாது என்பதைக் கண்டறிவதிலேயே போனது. பெரியவர் சாப்பிடும் டிஜாக்சினோ 1930-இல் இதன் உறவுச் செடியான வேறொரு டிஜிட்டாலிஸின் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தாழ்வாரத்தில் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒற்றை வரியை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

செடிகளை வைத்திருப்பதா, பிடுங்குவதா

அன்று மாலை வீட்டில் இதுபற்றிப் பேச்சு நடந்தது, என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம் என்பது கணவரின் கருத்து. நானும் முதலில் அதையே சொன்னேன். அம்மையார் வாசலைக் காட்டி, அங்கே நிற்கும் அரளியை என்ன செய்வது என்று கேட்டார். அரளியிலும் இதயத்தைத் தாக்கும் அதே வகை நஞ்சுதான் இருக்கிறது. அதைச் சாமிக்குச் சாத்துகிறோம், வேலியில் வைக்கிறோம், நெடுஞ்சாலைத் தடுப்பின் நடுவே மைல் கணக்கில் நட்டிருக்கிறார்கள். ஆனால் அரளி என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது ஆகாது என்று தெரியும். ஆடுகூட அதன் பக்கம் போவதில்லை. ஃபாக்ஸ்குளோவுக்கு இந்த ஊரில் பெயரே இல்லை. அதற்கு எதிரான எச்சரிக்கை எந்தப் பாட்டியின் வாயிலும் இல்லை.

இந்த வாதம் எனக்குச் சரியாகவே பட்டது. ஆனால் அது செடியைக் காப்பாற்றும் வாதமல்ல; எங்கே, எப்படி வைப்பது என்பதை முடிவு செய்யும் வாதம். தரையில் மிஞ்சியிருந்த இரண்டு செடிகளைப் பிடுங்கினோம். பதினோரு தொட்டிகளையும் மாடிக்கு ஏற்றி, மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அம்மையார் தன் பீரோவில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தொட்டியிலும் வெள்ளைப் பெயின்டால் "அரளி மாதிரி விஷம்" என்று எழுதினார். நான் "நச்சுச் செடி" என்று எழுதச் சொன்னேன்; அதைப் படித்தால் யாருக்கும் ஒன்றும் உறைக்காது என்று மறுத்துவிட்டார். வேலைக்கு வரும் பெண்மணிக்கும் அண்டை வீட்டாருக்கும் இலையைக் காட்டியே சொல்லப்பட்டது. செடியைத் தொட்ட பிறகு கை கழுவுவதும், பூவை வெட்டிக் குவளையில் வைப்பதில்லை என்பதும் வழக்கமாயின. வைத்த தண்ணீரிலும் நஞ்சு இறங்கும்.

பூத்ததும் முடிந்ததும்

பிப்ரவரி முதல் வாரத்தில் முதல் தண்டு எழுந்தது. பதினொன்றில் எட்டுச் செடிகள் பூத்தன. மூன்று இலையோடு நின்றன. கொடைக்கானலில் பார்த்த ஆளுயரம் இல்லை. இரண்டு அடிக்குச் சற்று மேல். ஒரு கதிரில் பன்னிரண்டு முதல் பதினாறு மணிகள். நிறமும் மலையில் கண்டதைவிட வெளிறியிருந்தது. ஆனால் கிட்டே போய் ஒரு மணியை நிமிர்த்திப் பார்த்தால் உள்ளே குறையொன்றும் இல்லை: கீழுதட்டில் கருஞ்சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை வளையம், வாயிலில் நிற்கும் மெல்லிய ரோமங்கள்.

அதன் பிறந்த நாட்டில் இந்தப் பூவுக்குள் நுழைவது பருத்த ரோமத் தேனீக்கள். அவை கதிரின் அடிப்பூவில் தொடங்கி மேலே ஏறும். அடியில் இருக்கும் மூத்த பூக்களில் சூல்முடி முதிர்ந்திருக்க, மேலுள்ள இளம் பூக்களில் மகரந்தம் உதிரும் என்பதால், ஒரு கதிரில் கடைசியாக ஒட்டிய மகரந்தம் அடுத்த கதிரின் அடிப்பூவைச் சேரும். மதுரை மாடியில் வந்தது கருவண்டு. இரண்டு மூன்று முறை வாயிலில் தொங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்து முருங்கைக்குப் போய்விட்டது.

முதல் பூ விரிந்ததிலிருந்து கடைசி மணி உதிர்ந்தது வரை பத்தொன்பது நாள். மார்ச் இரண்டாம் வாரத்தில் செஞ்சிலந்தி பிடித்து இலைகள் வெளிறின. மருந்தடிப்பதில் பொருளில்லை என்று விட்டுவிட்டோம். மாத இறுதிக்குள் எல்லாம் முடிந்தது. காய்ந்த செடிகளைத் தெருக் குப்பையில் போடவில்லை. எங்கள் தெருவில் ஆடும் மாடும் குப்பையில்தான் மேயும், காய்ந்த இலையிலும் நஞ்சு அப்படியே இருக்கும். தோட்டத்து மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தரையில் நடுவதை இனி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நாற்றைக் கீழே இறக்குவதை டிசம்பர் 10-க்குப் பிறகு வைத்துக்கொள்வது, போர்த் தண்ணீரைத் தொடவே தொடாமல் மழைநீரைச் சேமித்து ஊற்றுவது, பூக்காமல் நிற்கும் செடியை மார்ச் வரை காத்திராமல் அகற்றுவது ஆகியவை சிறிய திருத்தங்கள். வீட்டில் இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவரோ கைக்கெட்டியதை வாயில் வைக்கும் குழந்தையோ இருந்தால், பூட்டக்கூடிய இடம் இல்லாமல் இந்தச் செடியை விதைக்கவே கூடாது என்பது பெரிய திருத்தம். நாங்கள் பூட்டைத் தேடியது டம்ளரைப் பார்த்த பிறகு.

இப்போதைய நிலை

பெரியவர் நலமாக இருக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, இன்னிக்கு எந்தச் செடில எந்த மாத்திரை?" என்று கேட்கிறார். கேலிதான், எனக்கு உறைக்கிறது.

ஏப்ரலில் உசிலம்பட்டிப் பக்கத்து உறவினர் ஒருவர் வீட்டுக்கு அம்மையார் போயிருந்தார். மாசிப் பட்டத்தில் விதைத்த எள் வரப்போரம் பூத்திருந்தது. தண்டோடு ஒட்டித் தொங்கும் வெளிறிய ஊதா மணிகள், உள்ளே மெல்லிய ரோமம், அடியிலிருந்து மேல்நோக்கி விரியும் அதே ஒழுங்கு. எள்ளுப்பூ நாசி என்று காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். பூவை நின்று பார்த்ததில்லை என்றார். ஒரு செடியைப் பிடுங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். வாடியிருந்த போதும் சாயல் தெளிவாகத் தெரிந்தது.

இந்த ஆண்டு ஆகஸ்டில் கொடைக்கானலுக்கு அனுப்பிய விதை ஆறு தொட்டிக்கு மட்டுமே. சுவரோரக் களிமண்ணில் மணலும் தொழுவுரமும் கலந்து, வடிகால் வெட்டி, மாசிக்கு எள் தெளிப்பதற்காக வைத்திருக்கிறார்கள்.